தேதி தாண்டியும் வலி வரவில்லையா? வலியைத் தூண்டுவதற்கு முன்

டாக்டர் சொன்ன பிரசவத் தேதி தாண்டிய மறுநாளே வீட்டில் யாராவது விளக்கெண்ணெய் பாட்டிலைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். முதலில் தேட வேண்டியது உங்கள் முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டை.

பிரசவத் தேதி, கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 280 நாள். ஜூன் 1 என்றால் மார்ச் 8. ஆனால் இது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவர்களுக்கான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்குக் கரு ஒரு வாரம் தள்ளித் தங்கியிருக்கும். அவருடைய தேதி மார்ச் 15. ஊரே 'ஒரு வாரம் தாண்டிப்போச்சு' என்று பதறும் அன்று அவருக்கு 40 வாரம்தான் முடிந்திருக்கும். 14 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் காட்டும் பிரசவத் தேதி இந்தக் கணக்கிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் வேறுபட்டால், ஸ்கேன் தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாம் மாத ஸ்கேன் காட்டும் தேதியை நம்ப வேண்டாம். அது குழந்தையின் பருமனை வைத்துப் போட்டது, இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகும்.

கணக்குச் சரி, 40 வாரம் முடிந்து சில நாள்தான், பி.பி., சர்க்கரை இல்லை, அசைவு நன்றாக இருக்கிறது என்றால் காத்திருக்கலாம். 41 வாரம் முடிந்தால் வலியைத் தூண்டலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதற்கு மேல் போகப்போக நஞ்சுக்கொடியின் திறன் குறையலாம், பனிக்குட நீர் வற்றலாம், குழந்தை உள்ளேயே மலம் கழிக்கலாம். வயிற்றிலேயே குழந்தை இறக்கும் ஆபத்து சிறியதுதான், ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறும். பி.பி., சர்க்கரை உள்ளவர்களை 41 வரைகூட விடமாட்டார்கள்.

வீட்டு வைத்தியத்தில் விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். அது குடலைத்தான் முதலில் கலக்கும். பேதியில் நீர்ச்சத்து போய், சோர்ந்த உடம்போடு பிரசவ அறைக்குப் போக நேரும். நடப்பது நல்லது, ஆனால் நடையால் வலி வந்துவிடும் என்று மாடிப்படி ஏறி இறங்கிக் களைத்துப்போகாதீர்கள். வலி வர மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவது உயிருக்கே ஆபத்து: மிசோபிராஸ்டால் மாத்திரை பெரும்பாலும் 200 மைக்ரோகிராம், பிரசவத்துக்குக் கொடுப்பதோ ஒரு தடவைக்கு 25. அளவு மீறினால் கருப்பை விடாமல் இறுகும், குழந்தைக்கு ஆக்சிஜன் குறையும், கருப்பை கிழியவும் கூடும்.

மருத்துவமனையில் முதலில் உள் பரிசோதனை. கருப்பை வாய் ஒரு விரல் நுழையுமளவு திறந்திருந்தால், விரலைச் சுற்றிவிட்டுப் பனிக்குடப் பையைக் கருப்பைச் சுவரிலிருந்து மெல்லப் பிரித்துவிடுவார்கள். ஓரிரு நிமிடம்தான், வலிக்கும். மறுநாள் வரை சளியோடு லேசாக ரத்தம் படுவது சகஜம், மாதவிடாய் போலப் போனால் சகஜமில்லை. வாய் இறுகி இருந்தால் ஜெல் அல்லது பலூன் குழாய் வைத்து இளக்கிய பிறகே வலி வரவைக்கும் டிரிப்ஸ். இதற்கே ஓரிரு நாள் ஆகலாம். முதல் நாள் மாலையே 'வலி வரலையே, ஆபரேஷன் பண்ணிடுங்க' என்று அவசரப்படாதீர்கள். முன்பு சிசேரியன் ஆனவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். தழும்புள்ள கருப்பைக்கு மிசோபிராஸ்டால் கூடாது.

காத்திருக்கும் நாட்களில் சாப்பிட்டபின் இடப்பக்கமாகப் படுத்து அசைவை எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் 10 வராவிட்டாலும், வழக்கத்தைவிடக் குறைந்ததாகத் தோன்றினாலும், பனிக்குட நீர் பச்சையாக வந்தாலும், விடியட்டும் என்று இருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.