காவிரிக்கரையில் சைக்கிளா? ஆடியில் விடியற்காலையே மேற்கே மிதியுங்கள்

ஆனி, ஆடியில் திருவையாறு – திருக்காட்டுப்பள்ளி – கல்லணை சாலையில் சைக்கிள் ஓட்டப் போகிறீர்களா? விடிந்ததும் திருவையாற்றிலிருந்து கல்லணை நோக்கிக் கிளம்பி, பத்து மணிக்கு மேல் திரும்புங்கள்.

காரணம் காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து மேற்கிலிருந்து வீசுகிறது. இரவில் தரை குளிர்வதால் அதிகாலையில் வேகம் குறைவாக இருக்கும், வெயில் ஏற ஏறத்தான் வலுக்கும். அம்மியையே பறக்கவிடும் ஆடிக்காற்று என்பார்களே, அதை எதிர்த்து மிதிப்பது மேடேறுவதைவிடக் கொடுமை. டெல்டாவில் மேடே கிடையாது என்பதால் இங்கே காற்று ஒன்றுதான் கணக்கு. போகும்போது அது தூங்கிக்கொண்டிருக்கட்டும், வரும்போது முதுகில் தள்ளட்டும். ஒரு வழிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் வரும். கனரக வண்டிகளில் பெரும்பாலானவை தெற்கே திருச்சி – தஞ்சை நான்குவழிச் சாலையில் போய்விடுவதால் இந்தப் பக்கம் நிம்மதியாக ஓட்டலாம். எனக்கு டெல்டாவிலேயே மிகப் பிடித்த சாலை இது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது வடகிழக்குக் காற்று, திசையே மாறிவிடும். மழையும் இருக்கும். கோடையிலும் மாலைக்குள் கிழக்கிலிருந்து கடல்காற்று உள்ளே வரலாம். அப்புறம், ஆடிப்பெருக்கன்று மட்டும் இந்தப் பக்கம் சைக்கிளை எடுக்காதீர்கள், படித்துறைகளுக்கு வரும் கூட்டத்தில் சாலையே நிறைந்துவிடும்.