பச்சை அமோனியா ப்ளான்ட் போடணுமா? கரண்ட் கணக்குல இருந்து ஆரம்பிங்க

காத்தாலை, சோலார் கரண்ட்ல தண்ணிய பிரிச்சு எடுக்குறது பச்சை ஹைட்ரஜன், அதோட நைட்ரஜனை சேர்த்தா பச்சை அமோனியா. சென்னைல இதைப் பத்தி யார் கூட பேசினாலும் முதல் கேள்வி எந்த எலக்ட்ரோலைசர் (தண்ணிய கரண்ட்டால பிரிக்கிற மெஷின்) வாங்கலாம்னு தான் வருது. அதை அப்புறம் பாத்துக்கலாம். சரக்கை யார் வாங்குவா, என்ன விலைக்கு வாங்குவா, அந்த விலைக்குள்ள கரண்ட் செலவு அடங்குமா, முதல்ல இந்த மூணையும் ஒரே பேப்பர்ல எழுதுங்க.

செக்கி (மத்திய அரசோட சோலார் எனர்ஜி கார்ப்பரேஷன்) 2025ல உரத் தொழிற்சாலைகளுக்காக பச்சை அமோனியா ஏலம் விட்டுச்சு, முதல் ஏலம் கிலோ 55.75 ரூபாய்ல முடிஞ்சுது. ஒரு கிலோ அமோனியாவுக்கு எல்லாம் சேர்த்து சுமாரா 10 யூனிட் கரண்ட் ஆகும். யூனிட் 4 ரூபாய்னா கரண்டுக்கே 40 ரூபாய் போயிடும், மிச்சம் பதினஞ்சு ரூபா சொச்சத்துல தான் மெஷின், பேங்க் வட்டி, சம்பளம், தண்ணி, லாபம் எல்லாமே. அதே 3 ரூபாய்க்கு கிடைச்சா ப்ராஜெக்ட் பொழைச்சுக்கும்.

ஒரு நாளைக்கு 100 டன் அமோனியான்னு வெச்சுக்குவோம். அதுக்கு 17.8 டன் ஹைட்ரஜன், 82 டன் நைட்ரஜன், 10 லட்சம் யூனிட் கரண்ட். அதாவது ராத்திரி பகல் நிக்காம 42 மெகாவாட். சோலார் மட்டும்னா, அதோட திறன்ல சராசரியா 22 சதவீதம் தான் கிடைக்கும்னு கணக்கு வெச்சா கிட்டத்தட்ட 190 மெகாவாட் பேனல் போடணும், அப்பவும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல ஒண்ணும் வராது. நம்மகிட்ட இருக்குற பெரிய பலம் காத்து தான், முப்பந்தல், கயத்தாறு பக்கம் மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும் பின்னி எடுக்கும், ராத்திரியும் அடிக்கும். ஆனா ஐப்பசி கார்த்திகைல மேகம் மூடிக்கிச்சுன்னா சோலாரும் படுத்துடும், காத்து சீசனும் முடிஞ்சிருக்கும். அதனால வருஷ சராசரிய நம்பாம வருஷத்துல இருக்குற 8,760 மணி நேரத்துக்கும் எக்செல்ல தனித்தனி வரி போடுங்க. குறையுறத கிரிட்ல (பொது மின் லைன்ல) எடுத்துக்கலாம்னு சுலபமா சொல்லிட முடியாது, அதுல நிலக்கரி கரண்டும் கலந்திருக்கும், 2023ல மத்திய அரசு போட்ட அளவுகோல் படி ஒரு கிலோ ஹைட்ரஜன் தயாரிக்க வெளியாகுற கார்பன் டை ஆக்சைடு 2 கிலோவுக்கு மேல போனா அது பச்சையே கிடையாது.

இப்போ எலக்ட்ரோலைசருக்கு வரலாம். ஆல்கலைன்ங்கிற வகை (காரக் கரைசல்ல ஓடுறது) விலை கம்மி, ஆனா லோடு ரொம்ப இறங்கினா ஹைட்ரஜன் நடுவுல இருக்குற சவ்வைத் தாண்டி ஆக்சிஜன் பக்கம் கலக்கும். 4 சதவீதம் வந்துட்டா வெடிக்கிற கலவை, அதனால 2 சதவீதத்துலயே மெஷின் ட்ரிப் ஆகுற மாதிரி செட் பண்ணுவாங்க. ஒரே பெரிய மெஷினா வாங்காம நாலஞ்சா பிரிச்சு வாங்கினா, கரண்ட் குறையுறப்போ ரெண்ட நிறுத்திட்டு மத்தத நல்ல லோடுல ஓட்டலாம். வெளிய வர்ற ஹைட்ரஜன்ல ஆக்சிஜனும் ஈரமும் கொஞ்சம் இருக்கும், அதை எடுக்காம அனுப்பினா அமோனியா ரியாக்டர்ல இருக்குற இரும்பு கேட்டலிஸ்ட் (வினையை வேகப்படுத்துற பொருள்) கெட்டுடும். ஆக்சிஜனை எடுக்குற டிஆக்சோவையும் ஈரத்தை எடுக்குற ட்ரையரையும் செலவைக் குறைக்கிற லிஸ்ட்ல சேர்க்காதீங்க.

அந்த ரியாக்டர் 400 டிகிரிக்கு மேல, நூறு பார் தாண்டின அழுத்தத்துல ஓடுறது, மிக்ஸி மாதிரி போட்டு போட்டு நிறுத்த முடியாது. அதனால நடுவுல ஹைட்ரஜன் டேங்க் கட்டாயம். எத்தனை மணி நேரத்துக்குன்னு மேல சொன்ன அந்த எக்செல் தான் சொல்லும்.

தண்ணி. கிலோ ஹைட்ரஜனுக்கு 10 லிட்டர் சுத்தமான தண்ணினு வெச்சா ஒரு நாளைக்கு 1.8 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரில பதினஞ்சு லோடு, கூலிங் தனி. 2019ல குடத்தோட க்யூல நின்ன ஊர் இது, போர் போட்டு எடுக்குற யோசனையே வேணாம். கடல் தண்ணிய சுத்திகரிச்சுக்குங்க, நெம்மேலில பெரிய அளவுல ஓடிட்டு இருக்கு, மொத்த கரண்ட் செலவுல அது ரொம்ப சின்ன பங்கு தான்.

இடம்னா என் ஓட்டு தூத்துக்குடிக்கு. காத்தாலை பக்கத்துல, துறைமுகம் வாசல்ல. மைனஸ் 33 டிகிரில அமோனியாவை டேங்க்ல வெச்சு நேரா கப்பல்ல ஏத்திடலாம்.

பாதுகாப்பை கடைசி சேப்டரா விடாதீங்க. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடி பைப்ல அமோனியா கசிஞ்சு, பெரியகுப்பம் ஜனங்க மூச்சு திணறி ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. பச்சை அமோனியாவும் அதே அமோனியா தான். லேஅவுட் போடும்போதே எந்த மாசம் காத்து எந்தப் பக்கம் அடிக்கும், அந்தப் பக்கம் எந்த குப்பம் இருக்குன்னு மேப்ல குறிச்சு டேங்கை அதுக்கேத்த மாதிரி தள்ளி வைங்க. சைரன் அடிச்சா காத்துக்கு குறுக்கா ஓடணும், ஈரத்துணியால மூக்கை மூடிக்கணும்னு அங்க இருக்குறவங்களோட உக்காந்து பேசி, ப்ளான்ட்ல முதல் சொட்டு வர்றதுக்கு முன்னாடியே அவங்களையும் சேர்த்து ஒத்திகை நடத்துங்க.