புரட்டாசியில் எஸ்த்ரெமதூரா: விரதம் கலையாமல் ஒரு பயணம்

டர்பனிலிருந்து ஸ்பெயினுக்குச் செல்லும் நம்மவர்கள் பலர் பார்சலோனாவோடு திரும்பிவிடுகிறார்கள். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய எஸ்த்ரெமதூராவுக்கும் ஒரு வாரம் ஒதுக்குங்கள். செப்டம்பர் இறுதியும் அக்டோபரும் உகந்த காலம். 40 பாகையைத் தாண்டும் கோடை வெயில் அப்போது தணிந்திருக்கும், லா வெரா பள்ளத்தாக்கில் மிளகாய் அறுவடையும் நடக்கும். ஆனால் நமக்கு அது புரட்டாசி விரதக் காலம். பன்றித்தொடைக்குப் பெயர்பெற்ற நாட்டில் விரதம் காப்பது எப்படி என்று தயங்க வேண்டாம். கேட்க வேண்டியதைக் கேட்கத் தெரிந்தால் போதும்.

தென்னாப்பிரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி காட்ட வேண்டும். மாத்ரித்திலிருந்து சுமார் 300 கிலோமீட்டரில் எஸ்த்ரெமதூராவின் காசெரெஸ் நகரம் இருக்கிறது. வாடகைக் கார் எடுப்பவர்கள் அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பதை மறக்கக்கூடாது.

முதலில் மெரிதாவுக்குச் செல்லுங்கள். போரில் பணி முடித்த படைவீரர்களுக்காகப் பேரரசர் அகஸ்தஸ் கி.மு. 25இல் நிறுவிய நகரம் இது. அவருடைய தளபதி அக்ரிப்பா கட்டுவித்த அரங்கில் இன்றும் கோடைதோறும் நாடகவிழா நடக்கிறது. குவாதியானா ஆற்றின் மேல் ஏறக்குறைய 790 மீட்டர் நீளும் ரோமானியப் பாலத்தை மாலையில் நடந்தே கடக்க வேண்டும். ரோமானியக் கலை அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்பதால் அந்த நாளைத் தவிருங்கள்.

காசெரெஸ் பழைய நகரத்துக்கு ஒரு பகல் போதும். பிரபுக்களின் கோபுரங்களைக் குட்டையாக்க அரசி இசபெல்லா கட்டளையிட்டபோது தப்பிய நாரைக் கோபுரம் அங்கே நிற்கிறது.

என் மனம் நிற்பது லா வெராவில்தான். அங்கே மிளகாயை வெயிலில் காயவைப்பதில்லை. கீழே ஓக் விறகு புகைய, மேல்தளத்தில் பரப்பி, நாள்தோறும் கையால் புரட்டி, ஏறக்குறைய இரண்டு வாரம் உலர்த்திய பிறகே அரைக்கிறார்கள். பிமென்தோன் என்ற அந்தத் தூள் இனிப்பு, இடைப்பட்டது, காரம் என மூன்று வகைப்படும். காரவகைகூட நம் டர்பன் மசாலாவுக்குப் பழகிய நாவை வருத்தாது. நம் குழம்புக்கும் அவர்கள் உணவுக்கும் நிறம் தருவது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரே செடிதான் என்பதை அந்தப் புகைவாசனையின் நடுவே நின்று நினைத்துப் பார்ப்பது தனி அனுபவம். ஹராய்ஸ் ஊரில் இதற்கென அருங்காட்சியகமே உண்டு.

உணவகத்தில் “இறைச்சி வேண்டாம்” என்பதோடு நிறுத்தாதீர்கள். பன்றித்தொடைத் துண்டுகளைச் சிலர் இறைச்சியாகவே எண்ணுவதில்லை. “சின் கார்னே, சின் ஹாமோன், சின் அத்தூன்” என்று மூன்றையும் சொல்லுங்கள். முறையே இறைச்சி, பன்றித்தொடை, சூரை மீன் இல்லாமல் என்று பொருள். பெர்ரூனியா போன்ற பிஸ்கட்டுகளில் பன்றிக்கொழுப்பு சேர்வதால் “மந்தேகா” உண்டா என்றும் கேளுங்கள். சுட்ட குடைமிளகாயில் செய்யும் சோரோங்கோயோ என்ற சாலட்டைத் தயங்காமல் கேட்டு வாங்கலாம். தோர்தா தெல் காசார் என்னும் செம்மறிப்பால் சீஸை விலங்குக் குடல்நொதியால் அல்லாமல் ஒருவகை முட்செடிப் பூவால் உறையவைக்கிறார்கள். மேல்தோலை வெட்டியெடுத்து, உள்ளே குழைந்திருப்பதை ரொட்டியில் தொட்டு உண்ண வேண்டும். மதிய உணவு 2 மணிக்குப் பிறகு, இரவு உணவு 9 மணிக்குப் பிறகு என்பதால் பையில் பழம் வைத்திருங்கள்.

திரும்பும்போது பிமென்தோனைத் தகரடப்பியில் வாங்கிவாருங்கள். பருப்புத் தாளிப்பில் சேர்ப்பதானால், அடுப்பை அணைத்த பின்னரே எண்ணெயில் போட வேண்டும். நொடியில் கருகிக் கசந்துவிடும்.