ரெண்டு எம்பிபிஎஸ் சீட் வந்தா எதை எடுக்கறது, இன்னொண்ணை எப்படி ஒழுங்கா விடறது

என் தம்பிக்கு ஆல் இந்தியா கோட்டால வடக்க ஒரு கவர்மெண்ட் காலேஜ் கவுன்சிலிங் முதல் ரவுண்ட்லயே வந்துச்சு, போய் சேர்த்தும் விட்டோம், அப்புறம் ஸ்டேட் கோட்டால தர்மபுரி மெடிக்கல் காலேஜும் வந்துருச்சு. நாங்க பாலக்கோடு பக்கம், சொந்தத்துல டாக்டருக்கு படிச்சவங்க யாரும் இல்ல, கேக்க ஆளில்லாம பத்து நாள் வீட்ல யாருக்கும் தூக்கமே இல்ல. ரேங்க், ரிஜிஸ்ட்ரேஷன் எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

முதல்ல செலவு. ஒரு வருஷ ஃபீஸ மட்டும் பாக்காதீங்க, படிப்பு நாலரை வருஷம், ஹவுஸ் சர்ஜனா ஆஸ்பத்திரில பயிற்சி ஒரு வருஷம், மொத்தம் ஐந்தரை வருஷத்துக்கு ஹாஸ்டல், மெஸ், ரயில் டிக்கெட் எல்லாம் சேத்து எழுதுங்க. பாண்ட் ரெண்டு வகை இருக்கு, நடுவுல நின்னா கட்டற பணம் ஒண்ணு, முடிச்சப்புறம் அந்த ஸ்டேட்லயே இத்தனை வருஷம் வேலை பாக்கணும்ங்கறது இன்னொண்ணு, ரெண்டையும் தனித்தனியா கேளுங்க. எக்ஸெல் எல்லாம் வேணாம், கோடு போட்ட நோட்டு போதும், அப்பா அம்மாவும் எடுத்து பாக்கணும்ல.

அடுத்து ஆஸ்பத்திரிய நேர்ல போய் பாருங்க. தர்மபுரி காலேஜ் 2008-ல வந்தது, கிருஷ்ணகிரி 2022 ஜனவரில திறந்தது, பழசு நல்லது புதுசு வேணாம்னு ஊர்ல ஆளாளுக்கு சொல்வாங்க, அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க, காலைல ஓபில போய் ஒரு மணி நேரம் உக்காருங்க. நாங்க உக்காந்திருந்தப்ப பென்னாகரம் பக்கத்து பாட்டி ஒருத்தங்க கால் வீங்கி வந்திருந்தாங்க. எத்தனை நாளா இருக்குன்னு ஹவுஸ் சர்ஜன் பொண்ணு கேட்டதுக்கு, "மாட்டுக்கு புல்லறுக்கப் போனன்னையிலிருந்து கண்ணு"ன்னாங்க, அந்த பொண்ணு உடனே எதாவது கடிச்சுதான்னு குனிஞ்சு கால பாத்துச்சு. அந்த ஒரு பேச்ச வேற பாஷைல புரிஞ்சுக்க எனக்கு எத்தனை வருஷம் ஆகும்க்கான்னு தம்பி கேட்டான். தர்மபுரிதான்னு எங்களுக்கு அங்கயே முடிவாயிடுச்சு.

இப்ப நாங்க மாட்டிக்கிட்ட இடம், இதை மெதுவா படிங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் முதல்ல சேர்ந்த காலேஜ்ல இருக்கும், அதை வாங்கினாதான் இங்க சேர முடியும். அங்க போய் கைல லெட்டர் எழுதி குடுத்தோம், கவுன்டர்ல வாங்கிக்கிட்டு ஃபைல திருப்பி குடுத்துட்டாங்க, வேலை முடிஞ்சுதுன்னு கேட் வரைக்கும் வந்துட்டோம். வெளிய நின்ன இன்னொரு பையனோட அப்பாதான் ஆன்லைன் லெட்டர் வாங்கினீங்களான்னு கேட்டார். ஆல் இந்தியா கோட்டா கவுன்சிலிங் நடத்தற எம்சிசியோட போர்டல்ல காலேஜ்காரங்க லாகின் பண்ணி ராஜினாமா லெட்டர எடுத்து தரணும், அது இல்லன்னா விலகினதே செல்லாது, ரெக்கார்டுல நீங்க இன்னும் அங்கதான் படிக்கறீங்க. திரும்பி உள்ள போய் சாயங்காலம் வரைக்கும் நின்னு பிரிண்ட் வாங்கிட்டுதான் ரயில் ஏறினோம். முதல் ரவுண்ட்ல சேர்ந்தவங்க நோட்டீஸ்ல போட்ட தேதிக்குள்ள இப்படி விலகினா கவுன்சிலிங்குக்கு கட்டின டெபாசிட் போகாது, தேதி தாண்டிட்டா கஷ்டம்.

காலேஜ் லிஸ்ட் போட்டு சாய்ஸ் லாக் பண்றது, லெட்டர் எடுக்கறதுன்னு எதையும் மொபைல்ல பண்ணாதீங்க, பிரவுசிங் சென்டர் போய் பெரிய ஸ்கிரீன்ல பாத்து பண்ணி கையோட பிரிண்ட் எடுங்க.

பின்சேர்க்கை: அரூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருந்தாங்க, சேரும்போது அப்கிரேடுக்கு, அதாவது அடுத்த ரவுண்ட்ல வேற காலேஜுக்கு மாற, விருப்பம்னு குடுத்தா பழைய சீட் இருக்குமான்னு. ரெண்டாவது ரவுண்ட்ல வேற சீட் வந்துட்டா பழசு தானாவே கேன்சல் ஆயிடும்மா, திரும்ப கேக்க முடியாது. அதனால இப்ப கைல இருக்கறத விட உண்மையிலயே பிடிச்ச காலேஜ் மட்டும் லிஸ்ட்ல போடுங்க, சும்மா நிரப்பாதீங்க. இன்னொருத்தர் முதல் ரவுண்ட் சீட்டுக்கு போய் சேரவே இல்லன்னா ராஜினாமா லெட்டர் வேணுமான்னு கேட்டார், சேரலன்னா வேணாம், அந்த ரவுண்ட்ல அப்படியே விட்டுடலாம்.