ஜாக்கியை நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள்: வீட்டில் கார் வேலை பழகுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டிலேயே கார் வேலை பழக ஆசைப்படுபவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ஆயில் மாற்றத்தான் இறங்குகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் சில மாதங்கள் எதையும் கழற்றவே வேண்டாம். பார்க்கப் பழகுங்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்), டயர் காற்று, பேட்டரி முனை, இவற்றை வாரம் ஒரு தடவை பார்த்து வந்தாலே வண்டி உங்களுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். இந்தப் பார்ப்பதிலேயே நிறையப் பேர் தவறு செய்கிறார்கள்.

ஆயில் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை நிறுத்திய கையோடு டிப்ஸ்டிக்கை, அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பியை, உருவினால் அளவு குறைவாகத் தெரியும், ஏனென்றால் கொஞ்சம் ஆயில் இன்னும் மேலேயே இருக்கிறது. சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் விட்டு, ஒரு தடவை துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான் வித்தியாசம். இது தெரியாமல் 'கொஞ்சம் கூட இருந்தால் நல்லதுதானே' என்று ஊற்றிவிடுகிறார்கள். மேல் கோட்டை நன்றாகத் தாண்டிவிட்டால் இன்ஜினுக்குள் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்ற தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது. குறைவாக இருப்பதைப் போலவே இதுவும் இன்ஜினுக்குக் கேடு.

டயர் காற்றை வண்டி ஓடும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். வெயிலில் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் போய் பங்கில் அளந்தால் அளவு கூடத்தான் காட்டும். உடனே காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தளர்ந்திருக்கும். இன்னொன்று, டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காருக்கான அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னியையும் சேர்த்துப் பாருங்கள்.

இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கையே வைக்கக் கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்து அழுத்தம் போனதும் சட்டென்று பொங்கி முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு, தனியாக உள்ள பிளாஸ்டிக் டேங்கில் கோடு பார்த்து ஊற்றினால் போதும். அதிலும் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்கள் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கலந்தே விற்கும் கூலன்ட்டை வாங்குவதுதான் புதியவர்களுக்கு நல்லது.

இப்போது ஜாக்கி. இதில் தவறினால் உயிர் போகும். காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்றுவதற்கு மட்டும்தான். அது தூக்கி நிற்கும்போது உடம்பில் எந்தப் பகுதியும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது, கீழே விழுந்த நட்டை எடுப்பதற்குக் கூட. அடியில் வேலை என்றால் ஜாக் ஸ்டாண்டு (வண்டியைத் தாங்கி நிற்கும் இரும்புத் தாங்கி) வாங்கி, அதன் மேல் வண்டியை உட்கார வைத்து, அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். வீடு கட்டி மிச்சம் கிடக்கும் ஹாலோ பிளாக்கை அடுக்கிச் சமாளிப்பவர்கள் உண்டு. தயவு செய்து செய்யாதீர்கள். ஒரு முனையில் பாரம் விழுந்தால் அது முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும்.

ஹேண்ட் பிரேக் போட்டாச்சு, கியரில் விட்டாச்சு, போதும் என்று நினைப்பதும் தவறு. பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டும்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கினால் அந்தப் பிடிப்பு தரையில் குறைந்துவிடும். அப்போது கியர் காப்பாற்றும் என்பதும் முழு நிச்சயமில்லை. அதனால் எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறீர்களோ, அதற்கு மூலைவிட்டமாக எதிரே இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிடுங்கள். போர்ட்டிகோவில் வழவழப்பான டைல்ஸ் இருந்தால் ஜாக்கி வழுக்கும். மழை பெய்த மண்ணில் வைத்தால் புதையும். அடியில் தடித்த பலகை ஒன்றைப் போட வேண்டும். ஜாக்கியை வைக்க வேண்டிய இடம் கதவுக்குக் கீழே விளிம்பில் குறியிட்டிருக்கும். வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்ளே போய்விடும்.

அடுத்தது, மூச்சைப் பிடித்து முறுக்குவது. சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஆயிலை வடிக்க இருக்கும் ட்ரெயின் போல்ட்டை 'லீக் ஆகக் கூடாது' என்று பலம் கொண்டமட்டும் இறுக்குவார்கள். சம்ப் அலுமினியம் என்றால் மரை போய்விடும், அப்புறம் செலவு ஆயில் விலையைப் போலப் பல மடங்கு. லீக்கைத் தடுப்பது அந்தச் சின்ன வாஷர்தான், அதை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுங்கள். எந்த போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றுங்கள். கைக்குத் தடங்கினால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், ஸ்பேனர் போடாமல் கழற்றித் திரும்ப ஏற்றுங்கள். ஆயில் ஃபில்டரும் அப்படித்தான். ரப்பர் வளையத்தில் கொஞ்சம் புது ஆயில் தடவி, வளையம் ஒட்டியதும் கையாலேயே முக்கால் சுற்று. பழைய வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்தால் வண்டி ஓடும்போது ஆயில் முழுக்கக் கொட்டிவிடும்.

பேட்டரியில் வரிசை முக்கியம். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். மாற்றிச் செய்தால், பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனரின் மறுமுனை பாடியில் பட்டதும் பொறி பறக்கும். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். முனையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த வெந்நீரால் கழுவிவிடலாம்.

வைப்பர் ரப்பர் மாற்றும்போது கம்பியை வெறுமனே தூக்கி நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், அது மடங்கி விழுந்தால் கண்ணாடி விரியும். கீழே துணி மடித்துப் போட்டால் தீர்ந்தது.

பிரேக்கைப் புதியவர்கள் தொட வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் பிரேக் பேட் (பிரேக் பிடிக்கும்போது உரசித் தேயும் கட்டை) மாற்றாதீர்கள். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பிவிட்டு மறப்பதும் ஆபத்து. பேட் தேயத் தேய அந்த அளவு இறங்கும், இல்லையென்றால் எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் நிரப்பினால் எச்சரிக்கையை நீங்களே மறைத்துவிடுகிறீர்கள்.

வடித்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ, கரையானுக்கு மருந்து என்று மண்ணிலோ ஊற்றக் கூடாது. அதில் உலோகத் துகள்களும் எரிந்த கசடும் இருக்கின்றன, கிணற்றுத் தண்ணீர் வரைக்கும் இறங்கும். வந்த கேனிலேயே திரும்ப ஊற்றி மூடி, பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் கேட்டுப் பாருங்கள். பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்குக் கொடுக்கும் இடமாக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள்.