டார்க் ரொமான்ஸ்ல (பயமும் ஆபத்தும் கலந்த காதல் கதைல) வெறித்தனமான காதல எழுதுறது எப்படி

ஹீரோ ராணிப்பேட்டை தோல் ஃபேக்டரி ஓனர் பையன், ஹீரோயினுக்கு அங்கயே அக்கவுண்ட்ஸ்ல வேலைன்னு வைங்க, மொதல்ல அவ அப்பா வாங்கின கடன் பத்திரம் யார் கையில இருக்குன்னு முடிவு பண்ணுங்க, ஏன்னா முடியாதுன்னு சொன்னா அவளுக்கு என்ன போகும்னு தெரியாம அவ சம்மதத்த எழுதவே முடியாது. வெறிய டயலாக்ல கொட்டாதீங்க ப்ளீஸ். சத்துவாச்சாரி ஸ்டாப்ல அவ எறங்குற நேரத்துக்கு தினமும் அவன் கார் நிக்குது, அடுத்த வாரம் அவ ஒரு ஸ்டாப் முன்னாடியே எறங்கி நடக்குறா, போதும், படிக்கிறவங்களுக்கு வயித்த கலக்கும். இப்படி பின்தொடர்றது 2013லயே ஐபிசில, அதாவது பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல, குற்றமா சேர்த்தாச்சு, இப்போ அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதால 78வது பிரிவு, அதனால கதையில அக்காவோ தோழியோ ஒருத்தராச்சும் இத தப்புன்னு பாக்கணும். அவன் திருந்தணும்னா அழ வெச்சா பத்தாது, பத்திரம் அவன் கையில இருந்தா மொதல்ல அத திருப்பி குடுக்க வைங்க, அப்புறம் அவ முடிவ எழுதுங்க.