இராமநாதபுரம் கரைக்கு மாற்றலாகி வருபவர்களுக்கு

கோவை, நீலகிரி, தேனிப் பக்கமிருந்து வேலை நிமித்தமாக இங்கே வருபவர்கள் குடியேறிய கையோடு கேட்பது, விடுமுறையில் நடக்க எங்கே போவது, கையைக் கடிக்காமல் எங்கே சாப்பிடுவது என்ற இரண்டைத்தான். மலைக்கு ஏங்கும் மனம் எனக்கும் உண்டு. இராமேசுவரம் தீவிலேயே உயரமான இடம் கந்தமாதன பர்வதம் என்ற மணல்மேடுதான். ஆனால் கூட்டம் இல்லாத நடைவழிகளுக்கு இங்கே குறைவில்லை. அரியமான் கடற்கரையை ஒட்டிய சவுக்குத் தோப்பு, திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரைக்குச் செல்லும் சாலை, தொண்டிக்குப் போகும் வழியில் காரங்காட்டு அலையாத்திக் காடு ஆகியவற்றை முதலில் பாருங்கள். சீமைக் கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து ஏறிவிடும் என்பதால், அடி தடித்த காலணி இல்லாமல் கிளம்பாதீர்கள்.

விதிகள் சிலவே. மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா ஆகையால், யார் படகில் அழைத்தாலும் அனுமதியின்றி அங்கே இறங்கக் கூடாது. 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கும் அதைத் தாண்டி அரிச்சல்முனைக்கும் இப்போது தார்ச்சாலை உண்டு. மாலையானால் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள், எனவே காலையிலேயே போய்விடுங்கள். இருபுறமும் உப்புக்கடல் இருக்க, மணலில் முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டி, ஊறிவரும் நல்ல தண்ணீரை அங்குள்ள பெண்கள் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதை நின்று பாருங்கள். குடிக்க உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள்.

இனி என் நண்பருக்கு நேர்ந்தது. ஆற்றங்கரைக்குப் போனால் நல்ல கூழாங்கல் நாலை எடுத்துவரும் நம் பக்கத்துப் பழக்கத்தில், அலை ஒதுக்கிய வெண்ணிறக் கற்களை அவர் பை நிறையச் சேர்த்தார். கையில் எடுத்தால் கனமில்லாமல், மேலெல்லாம் நட்சத்திர வடிவில் நுண்ணிய குழிகளோடு இருக்கும் அவை முருகைக்கல், அதாவது இறந்த பவளம். "கரையில் கிடப்பதுதானே, கொண்டுபோங்கள்" என்று பக்கத்தில் இருந்தவர்களும் சொல்லியிருக்கிறார்கள். திரும்பும் வழியில் சோதனையில் பையைத் திறந்தார்கள். அபராதம் கட்டி, எழுதிக் கொடுத்து வெளியே வர அவருக்கு ஒரு நாள் முழுவதும் போயிற்று. பவளம் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. உயிரோடு இருந்தாலும் இறந்திருந்தாலும் வைத்திருப்பது குற்றம். கடல் அட்டைக்கும் கடல் குதிரைக்கும் இதே நிலைதான். தெரிந்தே தவறு சொன்னவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் சட்டத்தின் மீது இல்லை. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளத்தை வெட்டி வெட்டியே இந்த வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுக்கும் அரண் போனால் அடுத்துக் கரையூர்கள்தான். எனவே சங்கோ சிப்பியோ கல்லோ, எதையும் குனிந்து எடுக்காதீர்கள். குழந்தைகளின் சட்டைப் பையையும் கிளம்புமுன் பார்த்துவிடுங்கள்.

சாப்பாட்டில் ஏமாறும் இடம் ஒன்றே. கரையோரக் கடைகளில் மசாலா தடவி அடுக்கியிருக்கும் மீனுக்குத் துண்டுக்கு விலையா, முழு மீனுக்கு விலையா என்பதை எண்ணெயில் போடுமுன் கேட்டுவிடுங்கள். சீலா கேட்டால் விலை ஏறும். சூடை, காரல் கேட்டால் குறைந்த காசில் வயிறு நிறையும், ருசியிலும் குறையில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், அப்போது மீன் விலை கூடுதலாகவே இருக்கும். அந்த மாதங்களில் பதநீரும் நுங்கும், தை மாதத்தில் அவித்த பனங்கிழங்கும் சாலையோரத்திலேயே கிடைக்கும். ஊருக்கு எதையாவது கொண்டுபோக வேண்டுமென்றால், கீழக்கரைத் தொதல் என்ற அல்வா போன்ற இனிப்பும் கருப்பட்டியும் வாங்குங்கள். கருவாடு வாங்கினால் நன்றாகக் காய்ந்ததா என்று ஒடித்துப் பார்த்து, இரண்டு உறையில் கட்டித் தரச் சொல்லுங்கள். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.